கண்டக்டரும் செக்கிங்கும்

அந்த வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தன. இரண்டும் சேர்ந்து தங்கள் ஆயுளில் ஓர் எலியைக்கூடப் பிடித்ததில்லை.

செம்பட்டை நிறத்தில் இருந்த ஆண் பூனைக்குக் கண்டக்டர் என்று பெயர். படுத்திருப்பவர், உட்கார்ந்திருப்பவர் என்று பார்க்காமல் எல்லோர் மேலும் ஏறி மிதித்துக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பதால் வந்த பெயர் அது. சாம்பல் நிறப் பெண் பூனைக்குப் பெயர் செக்கிங். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வந்து ஏறி, எதிரே உட்கார்ந்து, முகத்தையே உற்றுப் பார்க்கும். பெயர் வைத்தவர் டிரைவர். டவுன் பஸ் ஓட்டியவர். வேலையை விட்ட பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். பெண்டாட்டியே மற்றவர்களிடம் பேசும்போது "எங்க வீட்டு டிரைவர்" என்றுதான் சொல்வாள்.

அவர் வேலையை விட்டதற்குக் காரணம் சர்க்கரை. முதலில் கால் விரல்கள் மரத்தன, பிறகு பாதம். ஒருநாள் டிப்போவுக்குள் பஸ்ஸைத் திருப்பும்போது, தன் கால் பிரேக்கில் இருக்கிறதா ஆக்ஸிலேட்டரில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை வந்தது. குனிந்து பார்ப்பதற்குள் பஸ் சுவரில் போய் முட்டியது. உள்ளே ஆள் இல்லை. சுவரில் கொஞ்சம் காரை பெயர்ந்ததோடு சரி. மேலதிகாரி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இவர்தான் அன்றைக்கே சாவியைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துவிட்டார். "காலே இல்லாம வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு சார். ஜனங்களை ஏத்திக்கிட்டு ஓட்ட மாட்டேன்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டுப் பைக்குள் இரண்டு பூனைக்குட்டிகளைக் கொண்டுவந்தார். டிப்போவில் பழைய டயர்களுக்கு அடியில் கண் திறக்காமல் கிடந்தவை. தாய்ப்பூனை ஏதோ வண்டியில் அடிபட்டுப் போயிருந்தது. வேலை போன கவலையைப் பேச வாயெடுத்த பெண்டாட்டியிடம் அவர் பையை நீட்டினார். அவள் உள்ளே பார்த்துவிட்டுப் பேச வந்ததை மறந்துபோனாள்.

அவளுக்கு ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை. எப்போதும் நைட் டியூட்டிதான். படுக்கையில் கிடப்பவர்களுக்குப் பெட்பேன் வைப்பது, விரிப்பு மாற்றுவது, தானாகப் புரள முடியாதவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது. புரட்டும்போது குதிகாலிலும் இடுப்பிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். சூடாக இருந்தால் அங்கே புண் வரப்போகிறது என்று அர்த்தம். சிஸ்டர்கள் அதைக் குறித்துக்கொள்வதற்கு முன்பே அவள் அங்கே தலையணையை நகர்த்தி வைத்திருப்பாள்.

ஆக, பகலில் அவள் தூங்குவாள், அவர் பூனைகளைப் பார்ப்பார். சாயங்காலம் அவள் கிளம்பிப் போவாள், பூனைகள் அவரைப் பார்த்துக்கொள்ளும். குட்டிகளுக்குப் பஞ்சை நனைத்துப் பால் புகட்டியவர், அவை வளர்ந்து தடித்த பிறகும் கையால்தான் ஊட்டினார். மீனை முள் நீக்கி, விரல் நுனியில் வைத்துக் கொடுப்பார். "இதுங்களுக்கு என்ன, வாயில பல்லு இல்லையா?" என்று அவள் கேட்பாள். "பெத்தவ இருந்தா கத்துக் குடுத்திருப்பா. எனக்கு ஊட்டத்தான் தெரியும்" என்பார்.

எலிகள் வந்தது பின்பக்கத்துப் பழைய மாவுக் கிடங்கை இடித்தபோது. எத்தனையோ தலைமுறையாக அங்கே குடியிருந்த எலிகளெல்லாம் இடம் தேடிப் புறப்பட்டன. அந்த வரிசையில் இருந்த வீடுகளிலேயே சமையலறைச் சாக்கடை வாய் மூடாமல் இருந்தது இவர்கள் வீட்டில்தான். முதலில் சோப்பைக் கடித்தன. பிறகு பிளாஸ்டிக் டப்பா மூடிகள், துடைப்பம், அவளுடைய டியூட்டிப் புடவையின் ஓரம். ஒரு வாரத்துக்குள் கூச்சமெல்லாம் விட்டுப்போனது. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி பட்டப்பகலில் நடு அறையில் நடந்து போயின.

பூனைகள் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒருநாள் கண்டக்டரின் தட்டில் இருந்த பிஸ்கட்டை ஓர் எலி எடுத்துத் தின்றதை அவள் நேரிலேயே பார்த்தாள். பூனை தட்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. எலி தின்று முடிக்கும்வரை பொறுத்திருந்து, அது போனதும் தட்டை மோந்து பார்த்துவிட்டு, டிரைவர் முகத்தைப் பார்த்துக் கத்தியது. அவர் எழுந்து போய் இன்னொரு பிஸ்கட் எடுத்து வந்தார்.

"வெட்கமா இல்ல?" என்றாள் அவள்.

"எனக்கா, அவனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

டிரைவர் சிரித்தார். "ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதவன்கிட்ட வண்டியைக் குடுத்துட்டு, ஏன் ஓட்டலன்னு கேட்டா அவன் என்ன பண்ணுவான்? அதுங்களுக்குத் தெரியல. தெரிஞ்சா பிடிக்காதா?"

அப்போதெல்லாம் அவளும் கூடச் சிரித்தாள்.

வாடகை வாங்கும் வீட்டுக்காரரிடம் போய்ச் சாக்கடை வாயை அடைத்துத் தரச் சொன்னாள். அவர் கேட்டைத் திறக்காமலேயே பேசினார். "ரெண்டு பூனை வச்சிருக்கீங்க. உங்களுக்கு எலித் தொல்லைன்னா நான் எங்கம்மா போய்ச் சொல்றது?" ஆள் அனுப்புகிறேன் என்றார். ஆள் வரவில்லை. பொறி வாங்கி வைத்தாள். செக்கிங் அதற்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு வீடு அதிரக் கத்தியது. பசை தடவிய அட்டை வாங்கி வந்தாள். அதில் கண்டக்டர் போய்ப் படுத்துக்கொண்டது. எண்ணெய் ஊற்றி ஊற்றி அதை உரித்தெடுப்பதற்குள் டிரைவருக்கு மூச்சு வாங்கிவிட்டது, பூனைக்கு ஒரு பக்கம் முடியே இல்லாமல் போனது. மருந்து வைக்கலாம் என்று அவள் சொன்னபோது மட்டும் அவர் குரல் மாறியது. "மருந்து தின்ன எலியை இதுங்க வாயில வச்சா என்ன ஆகும்? அந்தப் பேச்சே வேண்டாம்."

"இதுங்க வாயில வைக்கத்தான் போகுதாக்கும்" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் மருந்து வைக்கவில்லை.

ஒருநாள் காலையில் அவள் டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தபோது டிரைவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். கண்டக்டர் அவர் வயிற்றின் மேல், செக்கிங் தலைமாட்டில். விரிப்பின் கால்பக்கத்தில் கருப்பாக ஏதோ காய்ந்திருந்தது. டீ கொட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போர்வையை விலக்கினாள். வலது கால் பெருவிரலின் நுனியில் சதை இல்லை.

அவரை எழுப்பினாள். அவர் காலைப் பார்த்தார். யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கண்டக்டர் விளையாடியிருப்பான். நகம் பட்டிருக்கும்."

"இது நகம் இல்லைங்க."

"ஒண்ணும் தெரியலையே எனக்கு."

"அதான். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது." வெந்நீர் வைக்கப் போனாள்.

நர்சிங் ஹோமுக்கே அழைத்துப் போனாள். டிரெஸ்ஸிங் சிஸ்டர் புண்ணின் ஓரத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள். "எலிதான்க்கா. கொஞ்சம் கொஞ்சமா கரம்பியிருக்கு. ரொம்ப நேரம் உட்கார்ந்து தின்னிருக்கு." சொன்ன பிறகு, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். ஊசி போட்டார்கள். தினமும் கட்டு மாற்றச் சொன்னார்கள். கால் எங்கேயும் படக்கூடாது, மூடியே வைத்திருக்க வேண்டும் என்றார்கள்.

மூடி வைப்பது எப்படி என்று அவள் யோசித்தாள். சாக்ஸ் போட்டுவிட்டாள். மறுநாள் சாக்ஸில் ஓட்டை இருந்தது, நல்ல வேளையாகப் பல் தோலைத் தொடவில்லை. கொசுவலையைக் கட்டிலைச் சுற்றிச் செருகிவிட்டுப் போனாள். கண்டக்டர் வழக்கம்போல வெளியே போகவும் வரவும் வலையைக் கிழித்து வைத்தது. நைட் டியூட்டியை மாற்றிக் கேட்டாள். பகல் டியூட்டிக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. கட்டிக் கொடுத்த மகளிடம் போனில் சொன்னபோது, "அந்தப் பூனைங்களை முதல்ல துரத்தும்மா. வேளாவேளைக்கு விழுங்கிட்டு வேடிக்கை பார்க்குதுங்க" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி சொன்னாள். துரத்தினால் எலி போய்விடுமா என்று இவள் திருப்பிக் கேட்டாள்.

கடைசியில் ஷூதான் தோன்றியது. டிரைவர் டியூட்டிக்குப் போட்டுக்கொண்டு போன கனத்த தோல் ஷூ, கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எலிப்பல் அதில் இறங்காது. அவள்தான் அதைத் துடைத்து எடுத்து வந்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டுத் தூங்குங்க. நான் நிம்மதியா வேலைக்குப் போவேன்."

அவர் மறுக்கவில்லை. சாயங்காலம் அவள் கிளம்பும்போது கட்டிலில் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காலை நீட்டிப் படுப்பார். "டியூட்டிக்குப் போற மாதிரியே இருக்கும்மா" என்று முதல்நாள் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பெருவிரல் புண் ஆறிக்கொண்டு வந்தது. புதுத்தோல் கூட மூடிவிட்டது. டிரெஸ்ஸிங் சிஸ்டர், "கொடுத்து வச்சவர்க்கா. இந்தச் சர்க்கரைக்கு இது ஆறுறதே பெரிசு" என்றாள். பகலிலும் எலி நடமாடுவதால் பகலிலும் ஷூ போட்டுக்கொள்ளத் தொடங்கினார். அவளும் வந்தவுடன் கழற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். வேலை முடிந்து வரும்போது அவளுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். ஷூவைப் பார்ப்பாள், கயிறு கட்டியபடி இருக்கும், தரையிலேயே பாயை விரித்துப் படுத்துவிடுவாள்.

அப்படி இருக்கையில்தான் வீட்டில் ஒரு நாற்றம் வந்தது.

அவளுக்கு முன்பே பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாதான் கேட்டாள், "எலி எதுவும் செத்துக் கிடக்கா?" என்று. இவள் உள்ளே வந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஆமாம், செத்த எலி நாற்றம்தான். அவளுக்கு வந்தது சந்தோஷம். பொறியில் விழாத, பசையில் ஒட்டாத ஒன்று எப்படிச் சாகும்? டிரைவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "கண்டக்டர் போட்டுட்டான் போல" என்றார். செக்கிங்கைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் வாயை மோந்து பார்த்தார். "நீயாடி? நீதானா?"

இரண்டு பேரும் தேடினார்கள். டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே இடம் சொன்னார், அவள் நகர்த்தினாள். அலமாரிக்குப் பின்னால், கேஸ் அடுப்புக்கு அடியில், பழைய பெட்டிகளின் இடுக்கில். "பெருசாத்தான் இருக்கணும். பெருச்சாளியா இருக்கும்." "ஒரு பய மதிக்கல என் பூனைங்களை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டணும்." அவள் தூசியில் தும்மிக்கொண்டே சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள்.

எங்கேயும் இல்லை. கட்டிலுக்கு அடியில்தான் பாக்கி. அவள் முழங்காலில் உட்கார்ந்து குனிந்தாள். தொங்கிக்கொண்டிருந்த அவர் காலுக்குப் பக்கத்தில் அவள் முகம் போனது. நாற்றம் அங்கேதான் இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள்.

"கிடைச்சுதா?" என்று மேலேயிருந்து டிரைவர் கேட்டார்.

அவள் ஷூக்கயிற்றை அவிழ்த்தாள். வலது ஷூ சுலபமாக வரவில்லை. சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. அடித்தோலில் இருந்த ஓர் ஆணி எப்போதோ உள்பக்கமாக எழும்பி வந்திருக்கிறது. அவர் நடந்த ஒவ்வொரு அடிக்கும் அது குதிகாலில் இறங்கி ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. குதிகால் முழுக்கக் கருத்திருந்தது. ஊரார் வீட்டு நோயாளிகளின் குதிகாலையெல்லாம் ராத்திரி முழுக்கத் தொட்டுப் பார்த்த கை, இதைத் தொட வராமல் அந்தரத்தில் நின்றது.

"என்னம்மா, பேச்சைக் காணோம்? எலிதானே?"

"ஆமாங்க" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது மகள் அழுதுகொண்டே, "எல்லாம் அந்தப் பூனைங்களால வந்தது. ஒரே ஒரு நாள் ஒரே ஒரு எலியைப் பிடிச்சிருந்தா இப்படி ஆகுமா?" என்றாள்.

"ஷூ போடச் சொன்னது நான்" என்றாள் தாய்.

மகள் தாயின் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இல்லையம்மா, உன்மேல் தப்பில்லை என்று சொல்வாள் என்று அவள் எதிர்பார்த்தாள். மகள் சொல்லவில்லை.

டிரைவர் கண் விழித்துப் பேசிய முதல் பேச்சு, "அதுங்களுக்கு யாரு சாப்பாடு வைக்கிறா?" என்பதுதான். தையல்காரம்மா வைக்கிறாள் என்று சொன்ன பிறகுதான் போர்வையைத் தூக்கிக் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

எலி திரிகிற வீட்டுக்கு இந்தப் புண்ணோடு அனுப்பக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மகள் வீடு நாலாவது மாடியில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில் இருந்தது. மருமகனுக்கு மூச்சிரைப்பு. பூனை முடி ஆகவே ஆகாது. அதுவுமில்லாமல் அங்கே இருந்தது ஒரே ஒரு சின்ன அறை, அதில் ஒரு கட்டில் போட்டால் ஆள் நடக்க இடம் இல்லை. அவளுடைய நர்சிங் ஹோம் ஊரின் இந்தக் கோடியில், மகள் வீடு அந்தக் கோடியில். வேலையை விட்டால் மருந்துக்கு வழியில்லை. ஆகவே அவர் மட்டும் போவது, அவள் வார விடுமுறையில் வந்து பார்ப்பது என்று முடிவானது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அதுவாக அப்படி வந்து நின்றது.

காரில் ஏற்றும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுங்களைத் துரத்திடாதம்மா. அதுங்க ஒண்ணும் பண்ணல."

"அதானே, ஒண்ணுமே பண்ணல" என்று சொல்ல வந்தாள். அவர் முகத்தைப் பார்த்து, "துரத்த மாட்டேன், போங்க" என்றாள்.

துரத்தத்தான் நினைத்திருந்தாள். மறுநாள் காலையில் வந்து கதவைத் திறந்தபோது இரண்டும் அவருடைய கட்டிலில், கால் நீட்டும் பக்கத்தில் படுத்திருந்தன. துடைப்பத்தை எடுத்து ஓங்கினாள். கண்டக்டர் விளையாட்டு என்று நினைத்து மல்லாந்து படுத்தது. ஒருபக்கம் இன்னும் முடி சரியாக முளைக்கவில்லை. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு மீனை எடுத்து வந்து முள் நீக்கி வைத்தாள். தட்டில் வைத்ததை அவை தொடவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக் கத்தின. விரலில் எடுத்து நீட்டினாள். தின்றன.

தினமும் காலையில் அவள் வீட்டுக்கு வந்து சேரும் நேரம் பார்த்து டிரைவர் போன் செய்வார். முதல் கேள்வி பூனைகளைப் பற்றித்தான். சாப்பிட்டானா, அவ எங்க படுத்திருக்கா, மழையில நனையாம இருக்குதுங்களா. கேட்பதெல்லாம் கேட்டுவிட்டு, "ஏதாவது பிடிச்சானா?" என்று கடைசியில் கேட்பார். "அவனா" என்பாள் இவள். அங்கேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும். அது நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது. பிறகு சிரிப்பு இல்லை, மூச்சு மட்டும் கேட்டது.

ஒருநாள் மகள் தனியாக வெளியே வந்து போன் செய்தாள். "அப்பா நேத்திலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறார். எனக்குப் பயமா இருக்கும்மா. நீ ஏதாவது பேசேன்."

மகள் உள்ளே போய்ப் போனை அவர் காதில் வைத்தாள். இவள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என்ன சொன்னால் இந்த மனிதர் திரும்பிப் பார்ப்பார் என்று தவித்தவளுக்குக் கண்ணெதிரே கண்டக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

"என்னங்க, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கண்டக்டர் இன்னைக்கு ஒரு எலியைப் பிடிச்சிட்டான்."

"நிஜமாவா?" என்று கேட்டார்.

"நிஜமாத்தான். நான் உள்ளே வரேன், வாயில கவ்விக்கிட்டு நிக்கிறான்."

அவர் எழுந்து உட்காருகிற சத்தம் கேட்டது. கட்டில் கிரீச்சிட்டது. "எங்க பிடிச்சான்?"

"அடுப்புக்கிட்ட."

"கழுத்தைப் பிடிச்சிருந்தானா?"

"கழுத்தைத்தான். நல்லா அழுத்தி." அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாய் கூசாமல் மேலும் சொன்னாள். "அவன் மட்டுமில்ல. செக்கிங்கும் முந்தாநாள் ஒண்ணு பிடிச்சா. நீங்க போனதிலேர்ந்தே பிடிக்குதுங்க. நேர்ல வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன்."

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தாள்.

"அப்ப அதுங்களுக்குத் தெரியும்" என்றார்.

"என்னங்க?"

"பிடிக்கத் தெரியும் அதுங்களுக்கு."

போனை மகளிடம் கொடுத்துவிட்டார். மகள் சந்தோஷமாக, "எழுந்து உட்கார்ந்துட்டார்மா, பால் கேட்கிறார்" என்றாள். ஆனால் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

மறுநாள் போனில் அவர் பூனைகளைப் பற்றிக் கேட்கவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். அவளாகத் தொடங்கினாள். "நேத்து சொன்னது பொய்ங்க. நீங்க சாப்பிடணுமேன்னு சும்மா சொன்னேன்." "சரிம்மா" என்றார். அந்தக் குரலிலேயே அவர் நம்பவில்லை என்று தெரிந்தது.

விடுமுறையன்று இரண்டு பஸ் மாறி மகள் வீட்டுக்குப் போனாள். அவர் ஜன்னலோரம் உட்கார வைக்கப்பட்டிருந்தார். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, பார்வைக்கு நன்றாகவே இருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த அவருடைய இடது பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குதிகாலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது.

"ஒரு எலியையும் பிடிக்கலைங்க. ரெண்டும் முன்ன மாதிரியேதான் இருக்குதுங்க. இப்பவும் ஊட்டினாத்தான் திங்குதுங்க. நம்புங்க."

"நீ எனக்காகச் சொல்ற."

"உங்களுக்காகச் சொன்னது அன்னைக்கு. இன்னைக்கு உண்மையைச் சொல்றேன்."

அவர் அவள் தலையைத் தடவினார். கோபமே இல்லை. கோபித்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"யோசிச்சுப் பார்த்தேன்மா. அதுங்கமேல தப்பில்ல. நாந்தான் வேளாவேளைக்கு ஊட்டி ஊட்டிக் கெடுத்து வச்சிருக்கேன். வயிறு நிறைஞ்சவன் எதுக்கு ஓடணும்? நான் போனேன். பசிச்சுது. பிடிக்குதுங்க." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே தெருமுனையில் ஒரு பஸ் திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. "அப்ப என் காலை நானே..."

"ஐயோ, இல்லைங்க."

"விடும்மா. நீ ஷூவை நினைச்சு நினைச்சு அழுதியாம், அவ சொன்னா. ஷூவெல்லாம் ஒண்ணுமில்ல. அதுக்கு முன்னாடியே நான் பண்ணினது."

அவள் அவர் பாதத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது அவருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது.

கிளம்பும்போது மகள்தான் யோசனை சொன்னாள். "நீ வீடியோ எடுத்து அனுப்பும்மா. எலி பாட்டுக்கு எலி போகும்ல, பூனை பாட்டுக்குப் படுத்திருக்கும்ல, அதை எடு. நான் காட்டுறேன்." அவளுக்கு உயிர் வந்தது. மகளிடமே எப்படி எடுப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். வழியெல்லாம் அதே நினைப்பு. பிஸ்கட்டை உடைத்துத் தட்டில் போட்டு, பூனைகளைப் பக்கத்தில் படுக்க வைத்து, போனை எங்கே பிடிப்பது என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் ஈரச் சிமெண்ட் வாசனை அடித்தது. சாக்கடை வாயில் இரும்புச் சல்லடை பதித்து, சுற்றிலும் பூசியிருந்தது. தையல்காரம்மா சொன்னாள், வீட்டுக்காரர் காலையில் கொத்தனாரோடு வந்தாராம். டிரைவருக்கு நடந்ததைத் தெருவில் எல்லோரும் பேசுவது அவர் காதுக்குப் போய்விட்டதாம். "சாவி என்கிட்டதானே இருந்துச்சு, திறந்து விட்டேன். பின்னாடி கிடங்கு இடத்துலயும் தரை போட்டுட்டாங்க. இனிமே ஒரு எலி வராதுக்கா, நீ நிம்மதியா இரு."

அவள் ஒரு வாரம் காத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் வந்தவுடன் தட்டில் பிஸ்கட்டை உடைத்து வைத்துவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். விழித்துப் பார்த்தால் பிஸ்கட் வைத்தபடி இருக்கும். பின்பக்கம் போய் எலி வளை ஏதாவது இருக்கிறதா என்று சுவரோரமாகக் குனிந்து குனிந்து பார்த்தாள். தையல்காரம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வீட்டில் இப்போது எலியே இல்லை என்பதை மகள்தான் பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லியிருக்கிறாள். சாக்கடையை அடைத்ததையும் சொன்னாளாம். அவர் தலையை ஆட்டிக்கொண்டாராம்.

அன்று காலை போன் வந்தது. கேஸ் வந்ததா என்றார். வந்தது என்றாள். மழையா என்றார். இல்லை என்றாள்.

"எலியெல்லாம் தீர்ந்துடுச்சாமே" என்றார்.

"சாக்கடையை அடைச்சிட்டாங்க. அதான். அவ சொல்லலையா?"

"சொன்னா, சொன்னா."

"என்னங்க, கொத்தனார் வந்து அடைச்சதுதான். பூனைங்க ஒண்ணுகூடப் பிடிக்கலைங்க. தையல்காரம்மாகிட்ட குடுக்கவா? கேட்டுப் பாருங்க."

"எதுக்கும்மா அவங்களைத் தொந்தரவு பண்ற. நீ ராத்திரி முழுக்க முழிச்சிட்டு வந்திருப்ப. படு."

போனை வைத்துவிட்டார். செக்கிங் எதிரே வந்து உட்கார்ந்து அவள் முகத்தையே உற்றுப் பார்த்தது. அதற்குப் பசி நேரம். அவள் எழுந்து மீனை எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள்.